காட்டுப் பாதையில் ஒன்பதரை மைல்

மறைப்பணியாளரின் வாழ்வில் மிதிவண்டிக்குத் தனி இடம் உண்டு. குதிரையிலும் மாட்டு வண்டியிலும் கிளைக் கிராமங்களைச் சுற்றி வந்த பழைய குருக்களுக்குப் பின்வந்தவர்கள், திருப்பலிப் பெட்டியை மிதிவண்டியின் பின்னே கட்டிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனார்கள். நள்ளிரவில் அவஸ்தைப்பூசுதலுக்கு அழைப்பு வந்தால், கைவிளக்கை முன்கம்பியில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மிதிவண்டியில் செல்பவர் வழியில் நிற்பவரைக் காணாதவர் போலக் கடந்துவிட முடியாது. வரப்பில் நிற்கும் உழவரும், கிணற்றடியில் நிற்கும் பெண்ணும் "சாமி, தோத்திரம்" என்று சொன்னால் இறங்கி நின்று நலம் கேட்க வேண்டும். பல குடும்பங்களின் கண்ணீர்க் கதைகள் பங்கு அலுவலகத்தில் அன்றி, இவ்வாறு சாலையோரத்தில்தான் குருக்களின் காதுக்கு எட்டின. நாமும் குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் அப்படிச் சென்றவர்தாம். பின்னர் இருசக்கர மோட்டார் வண்டி வந்தது, வேகம் கூடியது, உரையாடல் குறைந்தது.

மீண்டும் மிதிவண்டியில் ஏறும் வாய்ப்பு, எதிர்பாராத ஓரிடத்தில் நமக்குக் கிடைத்தது. 2024ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்திலுள்ள ஜோலியட் மறைமாவட்டத்தில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக ஆறு வாரங்கள் பணியாற்றினோம். அப்பங்கில் சில தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. தூத்துக்குடிக் கடற்கரை ஊரொன்றைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் நம்மிடம் மிகுந்த அன்பு பாராட்டினார். ஆனால் ஒன்றைக் கவனித்தோம். ஞாயிறுதோறும் மனைவியையும் பிள்ளைகளையும் ஆலயத்திற்கு அழைத்து வருவார்; அவர்களை உள்ளே அனுப்பிவிட்டுத் தாம் வாயில் மண்டபத்திலேயே நின்றுவிடுவார். காரணம் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதும் சில வேளைகளில் மேய்ப்புப் பணியே.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் அவரே வந்தார். "சாமி, சைக்கிள் ஓட்டுவீங்களா? பக்கத்துல ஒரு காடு இருக்கு. வாங்க, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றார். உடன்பட்டோம்.

அவர் காடு என்று சொன்னது வாட்டர்ஃபால் கிளென் என்னும் காப்புக்காடு. காப்புக்காடு என்றதும், வனத்துறையின் எச்சரிக்கைப் பலகையும் பூட்டிய வாயிலும் நம் நினைவுக்கு வரும். அங்கே நிலைமை வேறு. சிகாகோ மாநகரைச் சுற்றியுள்ள மாவட்டங்களில், காடும் புல்வெளியும் அழிந்து வீடுகளாகிவிடும் என்று அஞ்சிய மக்கள், தங்கள் வரிப்பணத்தைக் கொண்டு அந்நிலங்களை விலைக்கு வாங்கிப் பொதுவுடைமையாக்கினர். டியூபேஜ் மாவட்டத்தில் இதற்கெனத் தனி அமைப்பு 1915இல் தோன்றியது. இன்று அதன் பொறுப்பில் இருபத்தையாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளது. யாரும் கட்டணமின்றி நுழையலாம், நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம், குதிரையேறியும் வரலாம். ஆனால் ஒரு மலரைக்கூடப் பறிக்கக் கூடாது.

வாட்டர்ஃபால் கிளென் சுமார் 2,500 ஏக்கர் பரப்புடையது. அதன் வடிவம் விந்தையானது. ஒரு மாலையைப் போல நடுவே வெற்றிடம் விட்டுச் சூழ்ந்திருக்கிறது. அந்த நடுவிடத்தில், வேலிக்குள், 1946இல் நிறுவப்பெற்ற ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்குத் தேவைப்படாத 2,222 ஏக்கர் நிலத்தை நடுவண் அரசு 1973இல் காப்புக்காட்டு அமைப்புக்கு வழங்கியது. அணு ஆராய்ச்சிக்கென ஒதுக்கிய மண், அவ்வாறு மானுக்கும் மனிதருக்கும் பொதுவாயிற்று.

அக்காட்டைச் சுற்றிவரும் முதன்மைப் பாதை ஒன்பதரை மைல் நீளம். நம் கணக்கில் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். தார் இல்லை, சுண்ணாம்புக்கல்லை நொறுக்கிப் பரப்பி இறுக்கியிருக்கிறார்கள். எளிய பாதை என்றும் சொல்ல முடியாது. கடினம் என்றும் சொல்ல முடியாது. ஐம்பதைக் கடந்த முழங்கால்களைச் சில ஏற்றங்கள் சோதித்தன. பொறியாளர் இரவல் வாங்கித் தந்த வண்டியில் இருபதுக்கும் மேற்பட்ட கியர்கள். எதை எப்போது மாற்றுவது என்று அவர் கற்றுத்தர, நாம் கற்றுக்கொள்ளவே ஒரு மைல் கழிந்தது. அங்கே வலப்பக்கமாகச் செல்ல வேண்டும். பின்னால் வருபவர் நம்மைக் கடக்கும் முன், "இடப்பக்கம் வருகிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கடக்கிறார்.

அன்று அந்தக் குரலைக் கேட்பதே அரிதாக இருந்தது. காடு முழுவதும் சில்வண்டுகளின் பேரொலி. அவை ஆண்டுதோறும் வரும் சில்வண்டுகள் அல்ல. பதினேழு ஆண்டுகள் மண்ணுக்குள், மரவேர்களின் சாற்றை உண்டு வாழ்ந்து, பதினேழாம் ஆண்டின் வசந்த முடிவில் ஒரே வேளையில் கோடிக்கணக்கில் வெளியேறுபவை. மரமேறித் தோலுரித்து, சிவந்த கண்களோடு சிறகு விரித்து, சில வாரங்கள் ஓசையிட்டு, முட்டையிட்டு மடிந்துபோகும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் தரையில் விழுந்து மீண்டும் மண்ணுக்குள் புகும். 2007இல் வந்த கூட்டத்தின் பிள்ளைகள் 2024இல் வந்தன. இவற்றின் பிள்ளைகள் 2041இல் வரும். அப்போது நாம் இருந்தால் முதியோர் இல்லத்தில் இருப்போம். ஒரு பெற்றோரும் தம் பிள்ளையைக் காணாத அந்த இனம், எத்தனை ஆயிரம் ஆண்டுகளாகத் தன் வழியைத் தவறவிடாமல் காத்து வருகிறது!

இந்த எண்ணத்தைப் பொறியாளரிடம் சொன்னோம். அவர் வண்டியை மெல்ல நிறுத்தினார். சற்று நேரம் மரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு பேசத் தொடங்கினார்.

"எங்க அம்மா 2021 மே மாசம் கொரோனாவுல இறந்தாங்க, சாமி. நான் போகல. போயிருந்தா திரும்பி வந்திருக்க முடியாது. இங்கே வேலை, வீட்டுக் கடன், சின்னப் பிள்ளைங்க. ஃபோன்லதான் பார்த்தேன். பத்துப் பேர்கூட இல்ல. குழிக்குள்ள இறக்கினப்ப நெட்வொர்க் போயிடுச்சு. திரும்ப வந்தப்ப மண்ணை மூடி முடிச்சிருந்தாங்க. தங்கச்சி இன்னைக்கு வரைக்கும் சரியாப் பேசல. 'உள்ளூர்க்காரங்க எல்லாம் மண் போட்டாங்க, நீ போடல'ன்னு ஒரே வார்த்தை. சொல்லுங்க சாமி, பெத்த அம்மாவுக்கு ஒரு பிடி மண் போடாதவன் மகனா? அதான் கோவிலுக்குள்ள வர மனசு வரல."

அவர் கூறியது உண்மையே. 2021 மே 4 முதல் நவம்பர் 8 வரை, இந்தியாவிலிருந்து தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் நுழைவதற்குப் பெரும் தடை இருந்தது. அத்தடையின் இப்புறமும் அப்புறமும் பிரிந்து நின்ற குடும்பங்கள் பல. நம் மறைமாவட்டப் பங்குகளிலும், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் கைப்பேசித் திரையில் அழ, இங்கே உறவினரின்றி அடக்கம் நடந்த வீடுகளை நாம் அறிவோம். தமிழ்க் கிறிஸ்தவ அடக்கச் சடங்கில், குருவானவர் மந்திரித்த பின் ஒவ்வொருவரும் குழியில் இடும் அந்தப் பிடி மண், திருவழிபாட்டு நூல் மட்டும் தரும் பொருளைக் காட்டிலும் மிகுதியான பொருளைத் தாங்கி நிற்கிறது. அது பிரியாவிடை, அது கடன் தீர்த்தல், "நான் உன்னுடையவன்" என்று சொல்லும் கடைசிச் சான்று. அதை இழந்தவரின் வலியை வாதத்தால் தீர்த்துவிட முடியாது. எனவே உடனே பதில் கூறவில்லை. "வாங்க தம்பி, மெல்லப் போவோம்" என்று மட்டும் சொன்னோம்.

வழியில், பாதையைவிட்டு விலகிச் சற்று நடந்தால் ஒரு சிற்றருவி. காட்டின் பெயர் அதனால் வந்தது என்றே எவரும் எண்ணுவர். அது உண்மையன்று. காப்புக்காட்டு அமைப்பின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவரான சீமோர் வாட்டர்ஃபால் என்பவரின் பெயர் அது. அருவியோ, 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், வேலையற்ற இளைஞர்களுக்கென அரசு அமைத்த தொண்டர் படையினர் கல் அடுக்கிக் கட்டியது. இன்று அது படைப்பின் தொடக்கத்திலிருந்தே அங்கு இருப்பதுபோல் தோன்றுகிறது. பசியால் வந்த இளைஞர்களின் உழைப்பு, நீரோடு கலந்து இயற்கையாகிவிட்டது.

இன்னோரிடத்தில் பழைய சுவர்களின் எச்சங்களைப் பொறியாளர் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிகாகோவின் லிங்கன் பூங்காவுக்கு மரக்கன்றுகள் வளர்த்த நாற்றங்கால் அங்கே இருந்தது. கன்றுகள் மட்டுமல்ல, அவ்விடத்தின் வளமான மேல்மண்ணும் ஏரிக்கரையிலுள்ள அந்தப் பூங்காவுக்கே கொண்டு செல்லப்பட்டது. மேல்மண்ணை இழந்த நிலம் எப்படியிருந்திருக்கும் என்பதை உழவர் மக்களாகிய நாம் கற்பனை செய்யலாம். அந்த நிலத்தில் இன்று மரங்கள் நிற்கின்றன. இலைகள் உதிர்ந்து மட்கி, ஆண்டுக்கு ஆண்டு மிக மெல்லியதாய், மண் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

அது தானாக மட்டும் நடப்பதில்லை. ஐரோப்பாவிலிருந்து வேலிச்செடியாகக் கொண்டுவரப்பட்ட பக்தார்ன் என்னும் புதர், நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தைப் போலப் பரவி, நிழலால் கருவாலிக் கன்றுகளை வளரவிடாமல் நெரிக்கிறது. அதை வெட்டி அகற்றுவதற்குத் தன்னார்வலர்கள் விடுமுறை நாள்களில் வருகிறார்கள். வல்லுநர்கள் காற்றும் ஈரமும் பார்த்துக் கட்டுக்குள் வைத்துத் தீயிடுகிறார்கள். தடித்த பட்டையுடைய கருவாலி அத்தீயைத் தாங்கி நிற்கிறது, அயல்புதர் அழிகிறது, மண்ணுக்குள் உறங்கிய பழைய விதைகள் முளைக்கின்றன. "நானும் மாசம் ஒரு நாள் வந்து வெட்டுவேன், சாமி" என்றார் பொறியாளர் கூச்சத்துடன். தாய் இறந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் தொடங்கினாராம். கையில் மண் படுகிற வேலை என்பதால் மனம் சற்று ஆறியதாம். நிலத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பை மனிதனுக்கு இறைவன் தந்தார் என்று தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் அப்பொறுப்பையே விரிவாக விளக்கினார். ஆலயத்தினுள் வர இயலாத அம்மனிதர், தம்மையறியாமலேயே அந்த இறைக்கட்டளையின்கீழ் வந்து நின்றுகொண்டிருந்தார்.

பாதையின் தென்பகுதியில் நிலம் சரிந்து டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு விரிகிறது. பனியூழியின் முடிவில், உருகிய நீர் பெருவெள்ளமாய்ப் பாய்ந்து குடைந்த பள்ளத்தாக்கு அது. அங்கு நின்று இளைப்பாறுகையில், எதிர்க்கரைப் பக்கம் பார்த்தோம். சேக் பிரிட்ஜ் என்னும் இடத்தில் புனித யாக்கோபு ஆலயம் இருப்பது நம் நினைவுக்கு வந்தது. மிதிவண்டிச் சுற்றை முடித்துவிட்டு, பொறியாளரின் காரிலேயே அன்று மாலை அங்குச் சென்றோம்.

அப்பங்கு 1833இல் தொடங்கியது. மிச்சிகன் ஏரியை இல்லினாய் ஆற்றோடு இணைக்க, 1836 முதல் 1848 வரை 96 மைல் நீளக் கால்வாய் வெட்டப்பட்டது. வெட்டியவர்களுள் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர். மண்வெட்டியும் கூடையுமே அவர்கள் கருவிகள். காய்ச்சலிலும் விபத்திலும் பலர் மாண்டனர். சுண்ணாம்புக்கல்லால் எழுப்பிய அச்சிறிய ஆலயம் மேட்டின் மேல் நிற்க, சரிவெங்கும் கல்லறைகள். அக்காட்டுப் பக்கத்திலேயே ரெட் கேட் உட்ஸ் என்னும் காப்புக்காடும் உள்ளது. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக இயங்கிய அணு உலையை 1943இல் அங்கே மாற்றிக் கட்டி, 1956இல் அங்கேயே புதைத்தனர். இன்று நடப்போரும் மிதிவண்டியினரும் அக்கல்லைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மனிதர் எதையெல்லாம் மண்ணிடம் ஒப்படைக்கிறார்கள்!

கல்லறைகளிடையே நடந்தபோது பொறியாளரிடம் கேட்டோம்: "தம்பி, இங்கே கிடக்கிற பிள்ளைகளுக்கு மண் போட்டது யார்?"

"கூட வேலை செஞ்சவங்க போட்டிருப்பாங்க, சாமி."

"இவங்க அம்மாமார் அயர்லாந்தில் இருந்தாங்க. சாவுச் செய்தி போய்ச் சேரவே பல வாரம் ஆகியிருக்கும். அந்த அம்மாமாரை, அம்மா இல்லைன்னு சொல்வீங்களா?"

அவர் விடை கூறவில்லை.

மறைநூலில், தம் நாடு விட்டுப் புறப்பட்ட ஆபிரகாம், வாக்களிக்கப்பட்ட நாட்டில் விலை கொடுத்து வாங்கிய நிலம், மனைவி சாராவை அடக்கம் செய்வதற்கான நிலமே. இறைவாக்கினர் மோசேயின் கல்லறை இருக்குமிடத்தை எவரும் அறியார். அதனால் அவரை மறந்தவரும் இல்லை. புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா, வட ஆப்பிரிக்காவில் தம் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டுமென்று நெடுநாள் விரும்பியவர். 387இல் இத்தாலியின் ஓஸ்தியாத் துறைமுகத்தில் இறக்கும் தறுவாயில், உடலை எங்கேனும் வைத்துவிட்டு, எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைவுகூர்ந்தால் போதும் என்று பிள்ளைகளிடம் சொன்னதாக அகுஸ்தினார் எழுதுகிறார். இதைத்தான் நம் முன்னோர் 'சமுதீதப் பிரயோசனம்' என்ற அரிய சொல்லால் நமக்குக் கற்பித்தனர். மண்ணுலகில் பயணம் செய்யும் திருச்சபையும், தூய்மை பெறும் ஆன்மாக்களும், விண்ணக மாட்சியில் உள்ளோரும் ஒரே குடும்பம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. அந்தக் குடும்பத்துக்குள் விசா இல்லை, தடைநாள் இல்லை. குழியோரத்தில் நிற்க முடியாத மகன், பீடத்தோரத்தில் நிற்கலாம்.

இவற்றையெல்லாம் அன்று அவரிடம் சொற்பொழிவாகச் சொல்லவில்லை. மோனிக்காவைப் பற்றி மட்டும் சொன்னோம். அவர் வெகுநேரம் அழுதார். மறுநாள் ஞாயிறு, வாயில் மண்டபத்தில் நிற்காமல் உள்ளே வந்து, தூணோரத்துக் கடைசி இருக்கையில் அமர்ந்தார். இறந்தோர் நினைவு வேண்டலில் அவர் தாயின் பெயரைச் சொன்னோம்.

ஊர் திரும்பும் முன் அவர் கேட்டது ஒன்றே: "இந்தக் காட்டு மண் ஒரு பிடி கொண்டுபோய் அம்மா கல்லறையில போட முடியுமா, சாமி?" முடியாது என்றோம். காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அயல்நாட்டு மண்ணை அப்படிக் கைப்பையில் கொண்டுவரவும் கூடாது. "அங்கே மண் இருக்கு தம்பி, ஆளைத்தான் அனுப்பணும். நாமே போறோம்" என்று உறுதி தந்தோம்.

ஆகஸ்டு மாதத்தில் அந்தக் கடற்கரை ஊருக்குச் சென்றோம். தங்கை கல்லறைத் தோட்டத்துக்கு உடன் வந்தார். மூன்று ஆண்டு மழையில் ஒரு பக்கம் சற்றுச் சரிந்திருந்தது. காட்டைப் பற்றியும், புதர் வெட்டும் அண்ணனைப் பற்றியும், வாயில் மண்டபத்தைப் பற்றியும் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. செபம் முடிந்ததும் குனிந்து, செம்மண்ணை அள்ளிச் சரிந்த ஓரத்தில் போட்டு உள்ளங்கையால் அழுத்தினார். பிறகு கைப்பேசியை எடுத்தார். அங்கே அப்போது நள்ளிரவு என்று நாம் சொல்வதற்குள் அழைத்துவிட்டார். "அண்ணே, அம்மா குழி ஓரம் சரிஞ்சிருந்துச்சு. உங்க பேருக்கு மண் போட்டிருக்கேன்" என்றார். மறுமுனையில் என்ன சொல்லப்பட்டது என்று நாம் கேட்கவில்லை. சற்றுத் தள்ளி நடந்துவிட்டோம்.

அன்புள்ள இறைமக்களே, நம் பங்குகளில் பிள்ளைகள் அயல்நாட்டில் இல்லாத தெருவே இன்று அரிது. சாவு வீட்டில் நாம் சொல்லும் ஒரு சொல், கடல் கடந்து சென்று ஆண்டுக்கணக்கில் ஒருவரை ஆலய வாயிலிலேயே நிறுத்திவிடக் கூடும். "மகன் வரவில்லையா?" என்று கேட்கும் முன், வர முடியாமல் துடிக்கும் அவரை எண்ணிப் பார்ப்போம். நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரியும் மலரும் எடுத்துச் செல்கையில், வர இயலாதவர் பெயரால் ஒரு திரியைக் கூடுதலாக ஏற்றி வைப்போம். அதை அவருக்குத் தெரிவிப்போம். சில குடும்பங்களில் மூன்று ஆண்டுப் பேச்சற்ற நிலை அந்த ஓர் அழைப்பில் தீரலாம்.